மலை இறங்கிப் போகும் நோயாளி: மருத்துவமனைக் கணக்கில் ஏறாத இழப்பு

கூடலூர்ப் பக்கம் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு முன்னால் நாலைந்து வழிகள் இருக்கின்றன. 50 கிலோமீட்டர் மேலேறி ஊட்டிக்குப் போகலாம். ஊட்டியையும் தாண்டி, மலை இறங்கி, கோவைக்குப் போகலாம். மேற்கே திரும்பினால் சுல்தான் பத்தேரி, பெரிந்தல்மண்ணா, கோழிக்கோடு. எங்கே போவதென்று முடிவு செய்ய அவர்கள் விளம்பரப் பலகைகளைப் பார்ப்பதில்லை. போன வருடம் இதே போல் அடிபட்டுப் படுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "அங்கே நன்றாகப் பார்த்தார்களா?" என்று கேட்கிறார்கள்.

அவர் சொல்லும் பதிலில் அறுவை சிகிச்சையின் நுட்பம் இருக்காது. கூப்பிட்டால் நர்ஸ் வந்தாரா, டாக்டர் நின்று பேசினாரா, பில் எவ்வளவு வரும் என்று முன்பே சொன்னார்களா, வலி என்றபோது யாராவது காதில் வாங்கினார்களா, இவைதான் இருக்கும். அந்த நாலு வாக்கியத்தை நம்பி ஒரு குடும்பம் தன் சேமிப்பையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு ஒரு திசையில் கிளம்புகிறது. ஒரு மருத்துவமனைக்கு வரவு, இன்னொன்றுக்கு இழப்பு. வரவு கணக்கில் ஏறுகிறது. வராமல் போனவரைப் பற்றி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது.

நோயாளியின் அனுபவத்துக்கும் மருத்துவமனையின் நிதிநிலைக்கும் உள்ள தொடர்பை உலகம் முழுவதும் ஆராய்ந்திருக்கிறார்கள். அதை மலைப்பகுதியில் வைத்துப் பார்க்கும்போது அதன் உருவம் கொஞ்சம் மாறுகிறது. அந்த மாற்றத்தை நம் மருத்துவமனை நிர்வாகிகள் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நோயாளியின் திருப்தி வேறு, நோயாளியின் அனுபவம் வேறு. "எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டால் கிடைப்பது திருப்தி. நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "எல்லாம் நன்றாக இருந்தது சார்" என்றுதான் பதில் வரும். உயிர் பிழைத்த நன்றி ஒருபுறம், நாளை மறுபடி வரவேண்டியிருக்குமே என்ற தயக்கம் மறுபுறம். அனுபவத்தை அளக்கும் கேள்விகள் வேறு மாதிரியானவை. புதிய மருந்து கொடுக்கும் முன் அது எதற்கு என்று சொன்னார்களா? மணி அடித்தபோது உதவி வந்ததா? வீட்டுக்குப் போனபின் என்ன அறிகுறி தெரிந்தால் திரும்பி வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்களா? இவை நடந்ததா, நடக்கவில்லையா என்ற கேள்விகள். இவற்றுக்கு முகத்துக்காகப் பதில் சொல்வது கடினம்.

அமெரிக்காவில் இந்த வகைக் கேள்விகளைக் கொண்ட எச்கேப்ஸ் என்ற கணக்கெடுப்பு 2006-ல் நடைமுறைக்கு வந்தது. வீடு திரும்பிய நோயாளிகளிடம் நாடு முழுவதும் ஒரே கேள்வித்தாள். 2008 முதல் ஒவ்வொரு மருத்துவமனையின் முடிவும் பொதுவெளியில் வைக்கப்படுகிறது. 2012 அக்டோபரில் அடுத்த படி. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தின்கீழ் மருத்துவமனைகளுக்கு அரசு தரும் தொகையில் ஒரு சிறு பங்கைப் பிடித்து வைத்து, தர மதிப்பெண்ணைப் பார்த்துத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். முதலில் 1 சதவீதம், பிறகு படிப்படியாக 2 சதவீதம். அந்த மதிப்பெண்ணில் ஏறக்குறைய கால்வாசி நோயாளிகளின் அனுபவத்துக்குரியது. நர்ஸ் மரியாதையாகப் பேசினாரா என்ற கேள்விக்கு அன்று முதல் டாலர் கணக்கும் வந்து சேர்ந்தது.

இது உண்மையிலேயே லாபத்தைத் தொடுகிறதா என்று டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனத்தின் சுகாதார ஆய்வு மையம் 2008 முதல் 2014 வரையிலான தரவுகளை எடுத்துப் பார்த்தது. 2016-ல் வந்த அந்த அறிக்கையின்படி, நோயாளிகள் மிக உயர்வாக மதிப்பிட்ட மருத்துவமனைகளின் நிகர லாப விகிதம் சராசரியாக 4.7 சதவீதம். தாழ்வாக மதிப்பிடப்பட்டவற்றில் அது 1.8 சதவீதம். இதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. அரசு பிடித்து வைத்துத் தரும் தொகை இந்த வித்தியாசத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் விளக்குகிறது. மற்றதெல்லாம் வேறு வழிகளில் வருகிறது. இன்னொன்று, லாபத்தோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான பேச்சு. அறையின் அழகுக்கும் உணவுக்கும் அந்த நெருக்கம் இல்லை.

பணம் இருக்கும் மருத்துவமனை கூடுதல் நர்ஸ்களை வைத்துக்கொள்கிறது, அதனால் அனுபவம் மேம்படுகிறது. நல்ல அனுபவம் பணத்தைக் கொண்டு வரவில்லை, பணம்தான் நல்ல அனுபவத்தைக் கொண்டு வருகிறது என்று யாரும் வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு போகின்றன என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தள்ளத் தொடங்குவதற்கு எளிய முனை எது என்றால், அது நர்ஸின் நேரம்தான்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 50,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொடர்ந்து பார்த்தபோது, டாக்டரிடம் மிக அதிகத் திருப்தி தெரிவித்தவர்களின் மருந்துச் செலவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலாகவும், இறப்பு ஆபத்து 26 சதவீதம் கூடுதலாகவும் இருந்தன. கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுக்கும் டாக்டரை நோயாளிக்குப் பிடிக்கும். அது அவருக்கு நல்லதாகிவிடாது. அமெரிக்காவில் அபின் வகை வலி மருந்துகள் பெரும் சமூகக் கேடாக மாறியபோது, வலி குறித்த கேள்விகளைப் பணத்தோடு முடிச்சுப் போட்டது டாக்டர்களைத் தவறான பக்கம் தள்ளுகிறது என்ற புகார் எழுந்தது. 2016-ல் அந்தக் கேள்விகளைப் பணக் கணக்கிலிருந்து நீக்க முடிவெடுத்தார்கள். நம் ஊரில் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைப்பவர்களைத் திருப்திப்படுத்த ஊசி போடும் கிளினிக்குகளை எண்ணிப் பார்த்தால் இந்த எச்சரிக்கையின் பொருள் விளங்கும். அளக்க வேண்டியது அனுபவத்தைத்தான்; மகிழ்ச்சியை அளந்தால் வழி தவறும்.

இனி மலைக்கு வருவோம்.

ஒரு மருத்துவமனையின் செலவில் பெரும்பகுதி நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு. சம்பளம், மின்கட்டணம், கடன் தவணை, ஆக்சிஜன் ஏற்பாடு, இயந்திரங்களின் பராமரிப்பு ஒப்பந்தம். மலையில் இவை இன்னும் கனக்கின்றன. ஸ்கேன் இயந்திரம் பழுதானால் பொறியாளர் கோவையிலிருந்து ஏறி வரவேண்டும். சிறப்பு மருத்துவரைத் தங்க வைக்க வீடும் கூடுதல் சம்பளமும் தரவேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் நாள் முழுவதும் ஜெனரேட்டர் ஓடவேண்டும். 60 படுக்கையில் 25 நிரம்பினாலும் 50 நிரம்பினாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. ஆகவே 26-வது நோயாளி கொண்டு வரும் தொகையில் மருந்தும் சாப்பாடும் போக மிச்சமெல்லாம் மருத்துவமனையின் மூச்சுக்காற்று.

மறுபக்கம், வாடிக்கையாளர் வட்டம் சிறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 7,35,394. கோவை போன்ற நகரத்தில் ஒரு நோயாளி மனம் கசந்து போனால் அடுத்த நாள் அவரை அறியாத வேறொருவர் வாசலில் நிற்பார். குன்னூரிலோ கோத்தகிரியிலோ அப்படி இல்லை. ஓர் அட்டியில், அதாவது படுகர்களின் சிற்றூரில், ஒருவருக்கு நேர்ந்தது அந்த வார இறுதிக்குள் சுற்றியுள்ள அட்டிகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். ஒரு எஸ்டேட்டின் லைன் வீடுகளில் காலையில் கொழுந்து பறிக்கப் போகும் முன்பே செய்தி பரவிவிடும். கொடைக்கானலிலும் இதே கதைதான். அங்கே மனம் விட்டுப் போனவர்கள் வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்குகிறார்கள்.

மலையில் நான் அருகிருந்து பார்த்த ஒரு டிஸ்சார்ஜ் நாளைச் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இது எங்கும் நடப்பதுதான். குடலிறக்க அறுவை முடிந்த ஒருவர். காலை 9 மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய மனைவி உடனே ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து, கம்பளியை மடித்து, ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார். டிஸ்சார்ஜ் சுருக்கம் தட்டச்சாக 11 மணி தாண்டியது. மீதி மருந்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்மசி கையெழுத்து வாங்க ஒரு மணி. பிறகு காப்பீட்டு ஒப்புதலுக்காகக் காத்திருப்பு. அந்த அம்மாள் பில்லிங் கவுன்டருக்கு மூன்றாவது முறை போய், "பாப்பா, நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் எங்களுக்கு வண்டி இல்லை" என்றார். "ஒப்புதல் வந்ததும் நானே வந்து சொல்கிறேன் அம்மா, என் கையில் எதுவும் இல்லை" என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னது உண்மைதான். ஒப்புதல் வந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. தையல் போட்ட வயிற்றோடு, மூடுபனியில், வாடகை ஜீப்பில் போனார்கள்.

இதில் யார் பணம் இழந்தார்கள்? ஜீப் வாடகை கொடுத்த குடும்பம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் காலை 9 மணிக்கே காலியாகியிருக்க வேண்டிய படுக்கை மாலை வரை ஆரோக்கியமானவரால் நிரம்பியிருந்தது. அன்று மதியம் அவசரப் பிரிவுக்கு வந்த ஒருவருக்கு வார்டில் இடமில்லை என்று கீழே அனுப்பினார்கள். ஒரு நாள் வருமானம் அந்தப் பகல் நேரத்துக்குள் மலை இறங்கிவிட்டது. மாதம் முழுவதும் இப்படிக் கழியும் படுக்கை மணிநேரங்களைக் கூட்டிப் பார்த்தால் பல நிர்வாகிகள் திடுக்கிடுவார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை, டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தரவேண்டும் என்கிறது. தாமதத்தால் மருத்துவமனை வசூலிக்கும் கூடுதல் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்கவேண்டும். அந்த மூன்று மணி நேரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பது மருத்துவமனை தன் காகிதங்களை எப்போது அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது. மறுநாள் வீட்டுக்குப் போகப்போகிறவரின் சுருக்கத்தை முந்தின நாள் மாலையே எழுதி வைத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அதற்கு ஒரு ரூபாய்கூட முதலீடு தேவையில்லை.

அரசு மருத்துவமனையில் பில் கிடையாதே, அங்கே இந்தப் பேச்சுக்கு என்ன இடம் என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் இடம் உண்டு. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் ஏற்பாட்டில், தனியார் மருத்துவமனையைப் போலவே அரசு மருத்துவமனையும் தான் செய்த சிகிச்சைக்குத் தொகை பெறுகிறது. அந்தத் தொகை மருத்துவமனையின் தேவைகளுக்கும், சிகிச்சையில் பங்கெடுத்த ஊழியர்களின் ஊக்கத்தொகைக்கும் போகிறது. அட்டை வைத்திருக்கும் ஒருவர் ஊட்டி அரசு மருத்துவமனையை நம்பாமல் கோவைத் தனியார் மருத்துவமனைக்குப் போனால், அதே அரசுத் திட்டத்தின் பணம்தான் மலை இறங்குகிறது.

2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. பழங்குடியினருக்கென்று தனி வார்டும் உண்டு. கீழே அனுப்பி வைப்பதே வழக்கமாகிப்போன ஒரு மாவட்டத்துக்கு இது மிகப் பெரிய வரம். இதைக் கேட்டுப் போராடியவர்கள் நன்றிக்குரியவர்கள். ஆனால் கட்டடம் திறந்த மாத்திரத்தில் பழக்கம் மாறிவிடாது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அங்கே போய் வருகிறவர்கள் தங்கள் ஊரில் என்ன சொல்கிறார்களோ அதுதான் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த மருத்துவமனையின் பெயர். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் படுகமும் மலையாளமும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிற்பார்கள். பணியர், காட்டுநாயக்கர் முதலான பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வரும் முதியவர்களுக்கு வார்டில் சொல்லப்படும் தமிழ் பாதிதான் புரியும். அவர்களுக்குப் புரியும் பேச்சில் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வது அங்கே மருந்துக்குச் சமம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கூடலூரில் கண் முன்னே சான்று இருக்கிறது.

1980-களின் பிற்பகுதியில் ரூபா தேவதாசன், நா. தேவதாசன் என்ற மருத்துவத் தம்பதியர் கூடலூர்ப் பழங்குடி மக்களிடையே வேலை செய்ய வந்தார்கள். பழங்குடி உரிமைகளுக்காக அங்கே இயங்கிவந்த அக்கார்டு அமைப்போடு சேர்ந்து அவர்கள் கிராமந்தோறும் சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கினார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தடுக்கக்கூடிய காரணங்களால் இறந்துகொண்டிருந்த காலம். மருத்துவமனை என்றாலே ஒதுங்கிப் போன மக்கள். 1990-ல் அஸ்வினி அமைப்பின் கீழ் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை உருவானது. அதன் தனித்தன்மை அறுவை அரங்கத்திலோ இயந்திரத்திலோ இல்லை. பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகங்களின் பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்றுவித்தார்கள். படுக்கையில் இருப்பவரின் மொழியைப் பேசுபவர், அவருடைய ஊரை அறிந்தவர், அவருக்கு அத்தையோ தங்கையோ ஆகிறவர்கூட மருந்து கொடுக்க வருவார்.

பணம்? 1992-ல் அங்கே ஒரு சமூக மருத்துவக் காப்பீடு தொடங்கியது. பழங்குடி மக்களின் சங்க உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டுவார்கள். அமைப்பு மொத்தமாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் பாலிசி எடுக்கும். சிகிச்சைச் செலவு அதிலிருந்து மருத்துவமனைக்கு வரும். இந்தியாவில் ஏழைகளுக்கான சமூகக் காப்பீட்டில் முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்று. பின்னாளில் நடந்த ஆய்வில், காப்பீடு எடுத்தவர்கள் எடுக்காதவர்களைப் போல இரு மடங்குக்கும் மேலாக மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றது தெரியவந்தது. நோய் கூடிவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. முன்பு வீட்டிலேயே கிடந்து இறந்துபோனவர்கள் இப்போது வந்து படுத்தார்கள்.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது வரிசையை. நம்பிக்கை முதலில் வந்தது, காப்பீடு பிறகு வந்தது. கிராமத்தில் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக நடந்த ஆண்டுகள் இல்லாமல் ஒரு பணியர் குடும்பம் வராத நோய்க்காக முன்பணம் கட்டியிருக்காது. கட்டினாலும், உள்ளே நுழைந்ததும் முகம் சுளிக்கும் ஓர் ஊழியர் இருந்திருந்தால் அடுத்த ஆண்டு கட்டியிருக்காது. சந்தா ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதற்குப் பின்னால் இருப்பது அனுபவம்.

எஸ்டேட் தொழிலாளர்களின் கணக்கு இன்னொரு வகை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்றது. அதனால் பல தோட்டங்களில் டிஸ்பென்சரிகளும் சிறு மருத்துவமனைகளும் உருவாயின. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். இன்று டாக்டர் இல்லை, ரத்தப் பரிசோதனை முடிவு நாளை வரும் என்றால் இரண்டு நாள் கூலி. மூன்றாவது முறை அவர் போகமாட்டார், மாத்திரையை நிறுத்திவிடுவார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை மருத்துவமனைகள் இழப்பது இப்படித்தான். தொடர்ந்து வரவேண்டியவர் நின்றுபோவது ஒரு மருத்துவமனைக்கு நீண்டகால வருமான இழப்பு. அவருக்கோ, பக்கவாதம் வந்து ஆம்புலன்ஸில் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும் நாள் வரை தெரியாத இழப்பு.

அரைகுறையாகச் சொல்லி அனுப்புவதற்கும் விலை உண்டு. காப்பீட்டுத் திட்டங்களில் ஒரு சிகிச்சைக்கு ஒரே தொகுப்புத் தொகை. பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்கான செலவும் அதிலேயே அடக்கம். புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லாமல் அனுப்பி, பத்தாம் நாள் சீழ் பிடித்துத் திரும்பி வந்தால், அந்தச் செலவு மருத்துவமனையின் தலையில். வழக்குகளும் அப்படித்தான். 1995-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்த பிறகு நோயாளிக்கு நீதிமன்றக் கதவு திறந்தது. 1997-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வழக்கில் சிக்காத குடும்ப மருத்துவர்கள் ஒரு நோயாளியிடம் சராசரியாக 18 நிமிடம் செலவிட்டதையும், வழக்கில் சிக்கியவர்கள் 15 நிமிடம் செலவிட்டதையும் காட்டியது. வித்தியாசம் மூன்று நிமிடம்.

இவ்வளவும் சொன்ன பின், எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மோசமாக நடத்தியும் நல்ல லாபம் பார்க்கும் மருத்துவமனைகள் உண்டு. சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் என்றால், நள்ளிரவில் நெஞ்சு வலி என்றால், யாரும் மரியாதையைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். தேவையற்ற ஸ்கேன் எடுத்து, அன்பாகப் பேசி அனுப்பினால் வரவும் கூடும், திருப்தியும் கூடும். ஆகவே லாபத்தை நல்ல மருத்துவத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது. லாபம் தராவிட்டாலும் நோயாளியை மனிதராக நடத்தியே ஆகவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. செலவு கட்டாது என்று சொல்லி அதைத் தள்ளிப்போடும் நிர்வாகத்துக்கு மட்டுமே இந்தக் கணக்குகள் பதில். அந்த நிர்வாகங்கள் பெரும்பாலும் பணத்தைக் கொட்டுவது வரவேற்பறைப் பளிங்கிலும் கண்ணாடி முகப்பிலும். இரவுப் பணிக்கு ஒரு நர்ஸைக் கூட்டுவதில் கை இறுகிவிடுகிறது.

மலையில் உள்ள எந்த மருத்துவமனையும் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. கீழே அனுப்பியவர்கள், சொல்லாமல் எழுந்து போனவர்கள், மறு தேதிக்கு வராதவர்கள், இந்த மூன்று வகையினரின் பெயரையும் ஒரு தனி நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது எப்படி இருக்கிறார்கள், எங்கே பார்த்துக்கொண்டார்கள், ஏன் என்று கேட்பது. கேட்பவர் அவர்களுடைய மொழி பேசுபவராக இருந்தால் உண்மையான பதில் வரும். அந்த நோட்டை வரவு செலவுக் கணக்கு வைக்கும் அதே கூட்டத்தில், அதே மேசையில் வைக்கவேண்டும்.